ஓட்டச் சொல்லிக்கொடுத்த கிளட்ச் அண்ணன்

மலேசியாவின் குளுவாங்கில் கார் ஓட்டும் தமிழர்களில் பாதிப் பேர் கிளட்ச் அண்ணனிடம் திட்டு வாங்கியவர்கள். மீதிப் பேர் அந்தத் திட்டுக்குப் பயந்து பக்கத்து ஊரான பாலோவுக்குப் போய்க் கற்றுக்கொண்டவர்கள்.

அவர் கார் ஓட்டப் பழக்குகிறவர். "கிளட்ச்! கிளட்ச்!" என்று அவர் அலறினால், பக்கத்தில் சைக்கிளில் போகிறவர்கூட இடது காலை ஒரு அழுத்து அழுத்துவார். சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

நாற்பது வயதில் நான் அவரிடம் சேர்ந்தேன். எந்தப் பாதையில் கிளம்பினாலும் வண்டி தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஒன்றுக்குள் புகுந்து, பச்சைக் கேட் போட்ட வீட்டின் முன்னால் போய் நிற்கும்.

"எஞ்சின் சூடாயிருச்சும்மா. ஆறட்டும். உள்ள போயி தேத்தண்ணி குடிப்போம்."

"இப்பதானேண்ணே கிளம்பினோம்?"

"பழைய வண்டி லா. அப்படித்தான்."

அது வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகல்நேர மையம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குமரன் என்ற இளைஞர்தான் தேநீர் கொண்டுவருவார்.

"நல்லாருக்கா?" என்றார்.

"ரொம்ப நல்லாருக்கு."

"பொய். சீனியே போடல," என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

கிளட்ச் அண்ணனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. பிறகு ஏன் இந்த மையத்தின் மேல் இவ்வளவு ஈடுபாடு? எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. ஒருநாள் சிவப்பு விளக்கில் கேட்டேவிட்டேன்.

"முன்ன ஒரு பொண்ணு பழக வந்துச்சும்மா. அதோட தம்பி நம்ம குமரன் மாதிரிப் பிள்ள. வீட்டுல பார்த்துக்க ஆள் இல்ல. பின் சீட்டுல அவன உட்கார வெச்சுக்கிட்டே பழகுச்சு. அத்தன வயசுல அவன் அன்னிக்குத்தான் கடைத்தெருவையே பார்த்தான். ஊரும் அன்னிக்குத்தான் அவனப் பார்த்துச்சு. அதான், எங்கிட்ட பழகுறவங்க எல்லாரும் மையத்துக்குப் போயி இவங்களப் பார்க்கட்டுமேன்னு... பச்ச விழுந்துருச்சு. கிளட்ச்!"

சட்டமன்றத் தேர்தல் வந்தது. சத்தம் தாங்கவில்லை, மையத்தை வேறெங்காவது மாற்றுங்கள் என்று அக்கம்பக்கத்தார் சிலர் கிளம்பினார்கள். அதைப் பேசத் தாமான் மண்டபத்தில் தேர்தல் கூட்டம். வேட்பாளர் நம்ம தமிழர்தான். தானே பேசப்போவதாகக் கிளட்ச் அண்ணன் அறிவித்தார். என் பயிற்சி நேரம் முழுக்க அவருடைய பேச்சு ஒத்திகைதான். அதைக் கேட்டுக் கைதட்டப் போய், வண்டியைச் சாக்கடையில் இறக்கப் பார்த்தேன்.

மேடையில் மைக்கைப் பிடித்தவருக்கு ஒத்திகை பார்த்ததில் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கனைத்தார். கடைசியில், "கிளட்ச்..." என்றார். மண்டபமே சிரித்தது. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது காய்கறி விற்கும் சீன அக்கா எழுந்து, "நான் அங்கே தேநீர் குடித்திருக்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும்," என்றார் மலாயில். அடுத்து ஒரு மலாய் ஆசிரியை எழுந்தார். பிறகு நான். பிறகு பார்த்தால் பாதி மண்டபம் நின்றுகொண்டிருந்தது.

வேட்பாளர் மிரண்டுபோனார். "யாருங்க இவங்கெல்லாம்?"

கிளட்ச் அண்ணனுக்குக் குரல் திரும்பிவிட்டது. "எங்கிட்ட பழகினவங்க ஐயா. எல்லாருக்கும் ஓட்டத் தெரியும். ஓட்டும் இருக்கு."

மையம் இடம் மாறவில்லை. அங்குள்ளவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தர இப்போது ஒருவர் வாரந்தோறும் வருகிறார். மையத்தார் கேட்ட வேன் மட்டும் இன்னும் வாக்குறுதியிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் கிளட்ச் அண்ணன் புது ஆட்களுக்குப் பார்க்கிங் பழக்குவதைச் தேர்தலில் ஜெயித்த அந்த வேட்பாளரின் அலுவலக வாசலுக்கு மாற்றிவிட்டார்.

சாலையில் அவருடைய வண்டி ஊர்ந்து போனால் பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் ஹாரன் அடித்து முந்திப் போகிறார்கள். எனக்கு மட்டும் மனம் வருவதில்லை. அவசர வேலை இருந்தாலும், அவர் திரும்பும் இடம் வரை பின்னாலேயே போகிறேன்.