வாலை யார் பார்க்கிறார்கள்?

"எட்டுன்னு காட்டுது. எட்டெல்லாம் கிழடுங்க. இப்ப ஒன்பது ஓடுது," என்றார் ஜாலிஹால்.

பெங்களூரிலிருந்து வந்த பாதுகாப்புத் தணிக்கையாளர். அவர் திரையில் ஒரு சிவப்புக் கட்டம். ஹுப்பள்ளிக் கல்லூரியின் லினக்ஸ் சர்வரில் வாசல் காக்கும் மென்பொருளின் பதிப்பு எண் அதற்குள் இருந்தது: 8.2.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஈரண்ணா தலையைச் சொறிந்தான்.

"சார், தலையைப் பாக்காதீங்க, வாலைப் பாருங்க. ஓட்டை தெரிஞ்சா லினக்ஸ்காரங்க அதே எட்டுக்குள்ளயே அடைச்சிட்டு, கடைசி நம்பரை மட்டும் ஏத்துவாங்க. முன்ன 8.2-4. இப்ப 8.2-13. எல்லாம் அடைச்சாச்சு."

"வாலு கழுதைக்கும் இருக்கு," என்றார் முதல்வர் நாடிகேர் மேடம். "எனக்குத் தலையில ஒன்பது வேணும்."

"மேடம், நாளைக்கு ஊர்ல, கதக்ல, என் பொண்ணுக்குப் பேர் வைக்கிறோம். சாயங்காலம் ரயிலு..."

"ஒன்பது வந்தா ரயிலு. வரலைன்னா போன்லயே பேர் வை."

ஈரண்ணா ஒன்பதைத் தேடி எடுத்துத் தன் கையாலேயே ஏற்றினான். கட்டம் பச்சையானது. தேர்வுப் பிரிவு மொத்தமும் சர்வருக்கு வெளியே நின்றது. பழைய சாவி எதுவும் புது வாசலுக்குப் பொருந்தவில்லை.

"ஹால் டிக்கெட் எடுக்க முடியலையாம்! என்னையே உள்ள விட மாட்டேங்குது!"

"நீங்கதானே மேடம் ஒன்பது கேட்டீங்க."

"வேலை செய்யற ஒன்பது கேட்டேன்யா!"

எட்டைத் திரும்ப வைத்தான். எல்லோரும் உள்ளே போனார்கள். கட்டம் சிவந்தது. மேடமும்.

ரயிலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஈரண்ணா அறைக் கதவைச் சாத்தினான். எட்டை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேல் 'ஒன்பது' என்று எழுதி மட்டும் ஒட்டினான். யார் கேட்டாலும் இனி அது ஒன்பது என்றே சொல்லும்.

பச்சை.

"மனசு வச்சா முடியுது பாத்தியா!" என்றார் மேடம்.

ஜாலிஹால் திரையை வெகுநேரம் பார்த்தார். ஈரண்ணாவையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மறுநாள் கதக். தொட்டிலில் குனிந்து குழந்தையின் காதில் பேர் சொன்ன ஈரண்ணாவின் அக்கா முதுகில், அந்த ஊர் வழக்கப்படி பெண்கள் மொத்திக்கொண்டிருந்தார்கள். போன் அடித்தது.

"ஈரண்ணா! ஒன்பதுலதான் புதுசா பெரிய ஓட்டையாம்! எட்டுக்கு ஒண்ணும் இல்லையாம்! உடனே எட்டாக்கு. இல்லைன்னா தொட்டிலோட கிளம்பி வா!"

மடிக்கணினியைத் திறந்தான். ஒட்டியதை உரித்தான். அக்கா நிமிர்வதற்குள் வேலை முடிந்தது.

"ஆச்சு மேடம்."

"அதுக்குள்ளயா! ஊரே முழி பிதுங்கி நிக்குது, நீ... இரு, ஜாலிஹால் பேசணுமாம்."

போன் கை மாறியது. குரல் தாழ்ந்தது.

"ஈரண்ணா, எங்க ஆபீஸ்லயும் ஒட்டின ஒன்பதுதான். ஒட்டினவன் வேலையை விட்டுப் போயிட்டான். எப்படி உரிக்கிறதுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன்."