மெர்வின் புத்தகத்தில் போடவேண்டிய பெயர்

புனே கேம்ப்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மருமகன் மெர்வினுக்கு மோசஸ் மாமா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் ஒழுகும் குழாயும் சுகம். உனக்குத் தமிழ் படிக்க வராது, ஆகவே உன் அம்மா ஷீலா இதை உரக்க வாசிப்பாள். வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய். என் குரலுக்கு அது மரியாதை இல்லை.

நீ எழுதிய, கதை சொல்லி ஆடும் டிராகன் விளையாட்டுப் புத்தகம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதாம். அதிலுள்ள பதினோரு மந்திரங்களும் மோசஸ் மாமா கண்டுபிடித்தவை என்று கொட்டை எழுத்தில் போடு. ஞாயிறுதோறும் என் வீட்டில் நீங்கள் பகடை உருட்டும்போது நான்தானே ஒவ்வொன்றாகச் சொன்னேன்? எட்டாவது ஃபெயிலானவனுக்கு இந்த மூளையா என்று உன் கூட்டாளி இர்பான் வாயைப் பிளந்தான். மந்திரம் என்றால் பெயர், வேலை, எவ்வளவு நேரம் நிற்கும், இந்த மூன்றும் வேண்டும் என்பது உன் சட்டம். "யுடிலிட்டி ஸ்பெல்னா சண்டை போடாது மாமா, வேலை மட்டும்தான் செய்யும்" என்றாய். "அப்ப உங்க அத்தை மாதிரி" என்றேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த ஆரோக்கியமணி, "நான் ரெண்டும் செய்வேன்" என்றாள், கத்தியைக் கீழே வைக்காமல்.

அவள் போய் நாலு மாதமாகிறது. இப்போது மந்திரங்களை நானே சோதிக்கிறேன். 'பால் காவல்' சொன்னேன். பால் பொங்கவே இல்லை, அடிப்பிடித்துப் பாத்திரம் கறுத்து, மேல்வீட்டு ராஜி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள், அதெல்லாம் மந்திரத்தில் சேராது. சாங்வி போகும் பஸ்ஸைப் பார்த்து 'பஸ் நிறுத்தி' சொன்னேன். நின்றது, அடுத்த ஸ்டாப்பில். 'படி மறதி', மூன்று மாடி ஏறும்வரை முழங்கால் வலி தெரியாது, கதவில் சாவி திரும்பியதும் தெரியும். பல் தேய்த்துக்கொண்டே யோசித்தது. 'ஊசி மறைப்பு' ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து செய்தது. நர்ஸ் நரம்பு தேடும் நேரம் மட்டும் கை மரக்கட்டையாகிவிடும். அதை வைத்துத்தான் ஆட்டத்தில் உன் படை தேள் குகையைத் தாண்டியது, மறக்காதே.

நீயும் உன் பகடையும் குறைவில்லாமல் இருக்கக் கர்த்தரை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மந்திரங்களின் தகப்பன்,
மோசஸ் மாமா

பின்குறிப்பு: ஷீலா, இதை மட்டும் மெதுவாக வாசி. மெர்வின், என் பெயர் வேண்டாம். எனக்கு முழங்கால் வலி கிடையாது. என் கையில் ஊசி ஏறியதும் இல்லை. பதினொன்றும் உன் அத்தை சர்ச் கொயர் பாட்டு நோட்டின் பின்பக்கத்தில் எழுதியவை. சனிக்கிழமை மனப்பாடம் செய்து, ஞாயிற்றுக்கிழமை என்னுடையதாகச் சொல்வேன். அவள் சிரித்துக்கொண்டு பீன்ஸ் நறுக்குவாள். பன்னிரண்டாவது ஒன்று இருக்கிறது. பெயர்: 'அடுத்த அறை'. வேலை: கூப்பிட்டால் அடுத்த அறையிலிருந்து "என்னங்க" என்று கேட்கும். எவ்வளவு நேரம் என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருக்கிறாள். தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். புத்தகத்தில் ஆரோக்கியமணி என்று போடு. அந்த நேரத்தையும் நீயே போடு, மருமகனே. கொஞ்சம் கூடுதலாகப் போடு.