துளிர்சாமியின் உயிர்நீர்

ஞாயிற்றுக்கிழமை காலை லிஃப்டுக்கு ஓய்வே இல்லை. மாடிக்கு மாடி நின்று, வாடிய செடிகளை ஏற்றிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போவதும் வருவதுமாக இருந்தது. தொட்டியை இடுப்பில் வைத்தவர்கள், தோளில் சாய்த்தவர்கள், துண்டு போர்த்திக் கொண்டுவந்தவர்கள். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் தூக்கிப்போகும் முகம் எல்லோருக்கும். இரண்டாவது மாடி இன்சூரன்ஸ்காரர் தன் தக்காளிச் செடியிடம், "கொஞ்சம் பொறுத்துக்க கண்ணு, சாமி வந்துட்டாரு" என்றார். தன் மனைவியிடம் அவர் அந்தக் குரலில் பேசி யாரும் கேட்டதில்லை.

சாமி என்றால் துளிர்சாமி. செடிகளின் மொழி தெரிந்தவர். மனித மொழியில் அவர் அதிகம் பேசியது 'அடுத்தவங்க வாங்க' என்பதுதான். பச்சை ஜிப்பா, பச்சைக் கண்ணாடி, பச்சை வேன். 'இயற்கையே என் மூச்சு' என்று வேனில் எழுதியிருந்தது. வேன் வாசலில் நிற்கும்போதும் எஞ்சின் புகைவிட்டபடி ஓடிக்கொண்டிருக்கும். ஏசி நின்றால் உள்ளே இருக்கும் உயிர்நீர் சூடாகிவிடுமாம்.

உயிர்நீர் கைக்கு அடக்கமான பிளாஸ்டிக் பாட்டிலில் வரும். ஒன்று வாங்கினால் அந்த வாரம் கடையில் காய்கறி வாங்குவதற்கு யோசிக்க வேண்டியிருக்கும். வீட்டிலேயே மலிவாகக் காய்கறி விளைவிக்கத்தானே இதை வாங்குகிறோம் என்பதால் யாரும் யோசிக்கவில்லை.

முறை மிகவும் சுலபம். சாமி வருவதற்குச் சில நாள் முன்பிருந்தே செடிக்கு 'மௌனம்' கொடுக்க வேண்டும். மௌனம் என்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாது. செடி தன் கெட்டதையெல்லாம் வெளியே தள்ளும், இலை தொங்கும், பயப்படக் கூடாது. பிறகு சாமி வந்து, கண்ணை மூடி, இலையைத் தடவி, பாட்டிலைக் கவிழ்ப்பார். அவர் பேசி முடிப்பதற்குள் தொங்கிய இலை மெல்ல நிமிரும். கூட்டம் வாயைப் பிளக்கும். நிமிராத செடிகளும் உண்டு. அது செடியின் குறை அல்ல, சாமியின் குறை நிச்சயமாக அல்ல; வீட்டுக்காரர் மனசில் ஏதோ குறை. அதற்குப் பெரிய பாட்டில்.

கூட்டத்தின் கடைசியில், படிக்கட்டுக் கதவோரம் நின்றாள் புரூஃப் அக்கா. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. அதனால் கட்டடத்தில் அந்தப் பெயர். கையில் ஒரு பாட்டில். காலடியில் பெயிண்ட் வாளியில் ஒரு மிளகாய்ச் செடி. அன்று மாடியில் இருந்த அத்தனை செடிகளிலும் அது ஒன்றுதான் நிமிர்ந்து நின்றது.

பக்கத்தில் அவளுடைய நாத்தனார், ஆஸ்பத்திரி நர்ஸ், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, பயமா இருக்கா?"

"இருக்கு. பீப்பாயைத் தூக்க லாரி வர்றதுக்குள்ள பேசியாகணும்."

பீப்பாய் என்பது மாடி மூலையில் நின்ற நீலப் பீப்பாய். அக்காவின் கணவர் வைத்தது. பம்ப் மெக்கானிக். காசு போட்டுத் தோட்டம் போடுவது அவருக்குப் பிடிக்காது. பழைய வாளி, உடைந்த பேசின், யாரோ தூக்கிப் போட்ட வாஷிங்மெஷின் தொட்டி, எல்லாவற்றுக்கும் அடியில் ஓட்டை போட்டுச் செடி வைத்தார். வீடு வீடாகக் கதவைத் தட்டிக் காய்கறித் தோலும் முட்டை ஓடும் வாங்கிவந்து, தெருவில் கூட்டிய சருகோடு பீப்பாயில் போட்டுக் கிளறுவார். "உங்க குப்பையை எனக்குக் குடுங்க, நான் உங்களுக்குக் கத்தரிக்காய் தர்றேன்" என்பார். தரவும் செய்தார். கட்டடத்துத் தொட்டிகளில் பாதிக்கு மண் அந்தப் பீப்பாயிலிருந்து போனதுதான். போன மழைக்காலத்தில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

போன ஞாயிறு துளிர்சாமி, நூலில் கட்டிய ஒரு கொட்டையைப் பீப்பாய்மேல் தொங்கவிட்டார். கொட்டை சுற்றியது.

"இந்த மண்ணைக் கிளறினவர் இப்ப இல்ல. சரியா?"

கூட்டம் சிலிர்த்துப்போனது. மேலே ஏறி வருவதற்கு முன் சாமி வாட்ச்மேனோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை.

"அவரோட ஏக்கம் இதுல தங்கியிருக்கு. இது இருக்கிற வரைக்கும் இந்த மாடியில ஒண்ணும் தழைக்காது. எடுத்துக் கொட்டிடுங்க. சுத்தப்படுத்தின மண்ணு நம்ம வேன்ல மூட்டையா இருக்கு."

கட்டடச் சங்கச் செயலாளர் உடனே குப்பை லாரிக்குச் சொல்லிவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. அவர்மேல எங்களுக்கு மரியாதை உண்டு. ஆனா இது பொது மாடி பாருங்க" என்றார். அந்த மரியாதைக்குரியவர் கொடுத்த கத்தரிக்காயை ஐந்து வருடம் சாப்பிட்டவர் அவர்.

அக்காவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் இந்த மண்ணில் இருக்கிறார் என்று ஒருவர் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. கூட்டம் கலைந்தபின் சாமியிடம் போய், "அவர் ஏதாவது சொல்றாரா?" என்று கேட்டாள்.

சாமி கண்ணை மூடித் திறந்தார். "சொல்லுவாரு. அவர் கையால வெச்ச செடி ஒண்ணுக்கு மௌனம் குடுத்து எடுத்துட்டு வாங்க. நான் உயிர்நீர் விடுறேன். நிமிர்ந்தா அவர் பேசுறாருன்னு அர்த்தம்." பாட்டிலை நீட்டினார். அக்கா வாங்கிக்கொண்டாள். ஊரார் எழுத்தில் ஒரு கால் விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற கண்கள், அழுதுகொண்டிருந்ததால் அன்று சரியாக வேலை செய்யவில்லை.

வாரம் முழுக்க, அவர் கையால் வைத்த அந்த மிளகாய்ச் செடி துவண்டுகொண்டே போனது. ஞாயிறு விடிந்ததும் அதற்குமேல் அவளால் பார்க்க முடியவில்லை. அடுப்படியில் அரிசி கழுவிய தண்ணீர் இருந்தது. சாமி திட்டினால் திட்டட்டும் என்று எடுத்து ஊற்றிவிட்டாள். குளித்து, துணி துவைத்துவிட்டு வந்து பார்த்தால் செடி நிமிர்ந்து நின்றது. பாட்டில் மூடி திறக்காமல் பக்கத்திலேயே இருந்தது.

அக்கா தரையில் உட்கார்ந்தாள். அவர் பேசவில்லை. செடி தண்ணீர் குடித்திருக்கிறது. அவ்வளவுதான். முதலில் அழுகை வந்தது. பிறகு, ஒரு வாரம் தாமதமாக, கோபம் வந்தது. நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

இப்போது அவள் முறை வந்தது. நிமிர்ந்த செடியைப் பார்த்ததும் சாமியின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா. அவர் பேசிட்டாரு."

கூட்டம் கைதட்டியது.

"பாட்டிலைத் திறக்கவே இல்ல சாமி" என்றாள் அக்கா. சீல் உடையாத மூடியை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி தூக்கிக் காட்டினாள். "அரிசி கழுவின தண்ணிதான் ஊத்தினேன்."

சாமி ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. அதற்குத்தான் அனுபவம் என்று பெயர். "தண்ணி சும்மா ஒரு சாக்கும்மா. போன வாரமே உங்க செடியை நான் மனசால தொட்டுட்டேன். சக்தி என் கையில இருக்கு."

"கையில இருக்கிறதை எதுக்கு பாட்டில்ல விக்கிறீங்க?" என்றாள் நாத்தனார்.

யாரோ சிரித்தார்கள். செயலாளர் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"அப்படின்னா சின்னதா ஒண்ணு செஞ்சு பாக்கலாம்" என்றாள் அக்கா. "இதோ ரெண்டு தக்காளி. ஒண்ணு இன்சூரன்ஸ் அண்ணனோடது, ஒண்ணு செயலாளர் சார் வீட்டுது. ரெண்டும் ஒரே மாதிரி வாடியிருக்கு. அண்ணன் செடிமேல சாமி கையை வைக்கட்டும். தண்ணி வேண்டாம். சார் செடிக்குக் குழாய்த் தண்ணி ஊத்துவோம். சாமி கை வேண்டாம்."

மறுத்தாலும் கெட்டது; ஒப்புக்கொண்டாலும் கெட்டது. சாமி தன் பேச்சுத்திறமையை நம்பி ஒப்புக்கொண்டார். செயலாளரின் மனைவி மாடிக் குழாயிலிருந்து ஒரு மக் பிடித்து ஊற்றினாள். சாமி கையை நீட்டினார், கண்ணை மூடினார், ஆகாயத்தைப் பற்றிப் பேசினார், வேர்களைப் பற்றிப் பேசினார், பேச்சு தீர்ந்தபின் முணுமுணுத்தார். வெயில் ஏறியது. பச்சை ஜிப்பா முதுகில் கரும்பச்சையானது.

"சாமி, வேர்வை தொட்டியில சொட்டுது" என்றாள் நாத்தனார். "அதுவும் தண்ணிதான். கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

இந்தமுறை பாதிப்பேர் சிரித்தார்கள்.

அதற்குள் செயலாளர் வீட்டுத் தக்காளி தலையைத் தூக்கியிருந்தது. முதலில் நுனி, பிறகு நடு இலைகள். செயலாளரின் மனைவி புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, இதுக்கா மூணு பாட்டில் வாங்கினீங்க?"

சாமியின் கைக்குக் கீழே இருந்த செடி இன்னும் தொங்கிப்போயிருந்தது.

"சூழல் சரியில்ல. சந்தேகப்படுற மனசு பக்கத்துல இருந்தா..." என்று தொடங்கினார் சாமி.

"எம் மனசுல சந்தேகமே இல்ல சாமி, நீங்க கையை எடுங்க முதல்ல, செடி செத்துடும்போல இருக்கு" என்று இன்சூரன்ஸ்காரர் மக்கோடு ஓடிவந்தார்.

அதன்பிறகு குழாயடியில் ஒரே தள்ளுமுள்ளு. கூட்டம் தண்ணீர் பிடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது சாமி இல்லை. கீழே வேன் கிளம்பும் சத்தம் கேட்டது. எஞ்சினை ஏன் அணைப்பதே இல்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது.

லாரி ஆட்கள் இருவர் மேலே வந்தார்கள். "எந்தப் பீப்பாய்?"

அக்கா பீப்பாய்க்கு முன்னால் போய் நின்று செயலாளரைப் பார்த்தாள். "இதுல ஏக்கம் எதுவும் இல்ல சார். உங்க வீட்டு வெங்காயத் தோல்தான் இருக்கு. இந்த வருஷம் செடிங்க தழைக்கலன்னா அதுங்களுக்கு இருந்தது தாகம். நாமதான் பட்டினி போட்டோம்."

செயலாளர் தொண்டையைச் செருமினார். பிறகு லாரி ஆட்களிடம், "இதை விடுங்க. அந்தக் காலி பாட்டில்களை அள்ளிட்டுப் போங்க" என்றார். வாராவாரம் மாடியில் சேர்ந்த உயிர்நீர் பாட்டில்கள் மூட்டை மூட்டையாகப் போயின. இயற்கையைக் காப்பாற்ற வந்தவர் விட்டுப்போன சொத்து அது.

எல்லோரும் இறங்கியபின் அக்கா பீப்பாய்க்குள் கையை விட்டாள். அவர் அங்கே இல்லை. மண்புழு இருந்தது. பாதி மக்கிய முட்டை ஓடு இருந்தது. அவர் சொல்லிக்கொடுத்தபடி கிளறத் தன் கை இருந்தது. அது போதும் என்று அன்று அவளுக்குத் தோன்றவில்லை; ஆனாலும் கிளறினாள்.

மறுநாள் ஒரு பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிப் பீப்பாயில் மாட்டினாள்: 'செடி வாடினால் முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள்.'

அடுத்த நாள் காலை போய்ப் பார்த்தபோது, பலகைக்கு யாரோ பூ வைத்திருந்தார்கள்.

அக்கா பூவை எடுத்துப் பீப்பாய்க்குள் போட்டாள். பூ உரமாகிவிடும். கும்பிட்டுவிட்டுப் போன அந்தக் கையிலும் விரல் இருக்கிறதே, அதை மண்ணில் விட்டுப் பார்க்க எந்தச் சாமியிடம் அனுமதி வாங்க வேண்டும்?