பஸ் நிறுத்தத்து மணியை அகற்றக் கோரி

அன்பு மகளுக்கு, குடியிருப்போர் சங்கச் செயலாளராகிய உன் அப்பா எழுதுவது.

இங்கே நான் நலம். உன் அம்மா தேவைக்கு மேல் நலம். அந்தக் கொடுமையைப் பின்னால் சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன்.

நம் தெரு பஸ் நிறுத்தத்தில் நீ வடிவமைத்து வைத்திருக்கும் விளையாட்டை உடனே அகற்ற வேண்டும். தரையில் இரண்டு நீல வட்டங்கள், ஆளுக்கொன்றில் நின்று இருவரும் ஒரே நொடியில் குதித்தால் கம்பத்து மணி அடிக்கும், அவ்வளவுதானே என்று நானும் முதலில் சும்மா இருந்தேன். இப்போது சலூனிலிருந்து ஒரு கன்னத்துச் சோப்போடு ஆள் ஓடிவந்து குதிக்கிறான். பஸ்ஸை நிறுத்திவிட்டு டிரைவரும் கண்டக்டரும் குதிக்கிறார்கள், உள்ளே இருப்பவர்கள் எண்ணிக் கொடுக்கிறார்கள். முட்டி வலி என்று மாடி ஏறாத உன் அம்மா, நேற்று தையல்காரம்மாவோடு சேர்ந்து பதினோரு தடவை மணி அடித்திருக்கிறாள். "முட்டி என்னாச்சு?" என்றால், "அது மாடிப்படி ஏறினாத்தாங்க வலிக்கும்" என்கிறாள்.

பத்துக் கையெழுத்தோடு புகார் போனால் எடுத்துவிடுவார்கள், உன் முதல் வேலையே ஊத்திக்கும் என்று போனில் அழாத குறையாகச் சொன்னாய். பெற்ற மனசு கேட்குமா? ஆனாலும் சொந்த மகள் என்று விட்டுவிட்டால் நாளைக்குச் சங்கத்தில் என்னை எவன் மதிப்பான்? ஒன்பது கையெழுத்து வாங்கிவிட்டேன். மிச்சம் எதிர்வீட்டுக்காரர் ஒருவர்தான். மாடிப்படியை அடைத்து அவர் சைக்கிளை நிறுத்திய நாளிலிருந்து, ஆறு வருஷமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை கிடையாது என்பது உனக்கே தெரியும்.

இன்று காலை பஸ் நிறுத்தத்தில் வாயைத் திறக்காமல் தாளை நீட்டினேன். படித்தார். கம்பத்தைப் பார்த்து, "ஆடிப் பார்க்காம எப்படிக் கையெழுத்துப் போடறதாம்?" என்றார். நியாயம்தானே? ஆளுக்கொரு வட்டத்தில் ஏறினோம். நான் குதிச்சா அவர் நிக்கிறார், அவர் குதிச்சா நான் நிக்கிறேன். மணி கம்முனு கிடக்குது. சலூன்காரர் கடையிலிருந்தே கத்தறார்: "ஐயா, வாயைத் திறந்து எண்ணுங்கய்யா!" வேற வழி? நான் "ஒண்ணு"ன்னேன். அவர் "ரெண்டு"ன்னார். ஆறு வருஷத்துல நாங்க பேசிக்கிட்ட முதல் பேச்சு அதுதான், கண்ணு. மூணுல குதிச்சோம். அடிச்சுது பாரு! "அந்த சைக்கிளை நான் அன்னைக்கே எடுத்திருக்கணும்"னார். "அது கிடக்கட்டும், இன்னொரு தடவை"ன்னேன்.

இருந்தாலும் சங்கத்தின் முடிவு முடிவுதான். புகாரை இத்துடன் இணைத்துள்ளேன். உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா (செயலாளர்)

பின்குறிப்பு: புகாரை இணைக்கவில்லை. அந்தத் தாள் எங்களுக்கு வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் பின்பக்கத்தில்: உன் அம்மா ஜோடி பதினொன்று, நாங்கள் ஒன்பது என்பதற்குச் சாட்சியாக. நாங்கள் ஜெயிக்கும்வரை அந்த மணியில் எவனாவது கை வைத்தால், பத்துக் கையெழுத்தோடு நானே புகார் கொடுப்பேன்.