கண்ணளவார் தைத்த மான்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மோசமாகத் தைக்கிறவர்கள் பலர் இருக்கிறார்கள். பிழையாகத் தைத்துவிட்டு, போடுகிறவனின் உடம்பைத் திருத்தச் சொல்லுகிறவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கும். ஊருக்கு அவர் கண்ணளவார். அளவு நாடாவைத் தொடமாட்டார். ஆளை வாசலில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் மேலும் கீழும் பார்ப்பார். "சரி, போங்கோ" என்பார். அளவெடுத்து முடிந்தது.

என் தங்கையின் கலியாணத்துக்கு எனக்கொரு காற்சட்டை தைத்தார். ஒரு கால் செருப்பை மூடியது. மற்றது கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது.

"அண்ணை, ஒரு கால் கட்டையாக் கிடக்கு."

"காற்சட்டை சரியாத்தான் இருக்கு தம்பி. நீர் நிக்கிற நிலைதான் பிழை. இடுப்பை இந்தப் பக்கம் சரிச்சுப் பாரும்."

சரித்தேன். இரண்டு காலும் ஒன்றாக நின்றன. கலியாணப் படங்கள் எல்லாவற்றிலும் காற்றடித்துச் சாய்ந்த வாழைமரம் போல நிற்பவன் நான்தான்.

இப்பேர்ப்பட்டவரின் கையில்தான் எங்கள் விளையாட்டுக் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கடற்கரை ஓட்டப் போட்டியின் சின்னம் போய்ச் சேர்ந்தது. போட்டியை நடத்தும் எங்கள் குழுவுக்குத் தலைவர் ஹாஜியார். மூதூரில் பிறந்து டவுனில் இரும்புக்கடை வைத்திருப்பவர். வெளிநாட்டுப் போட்டி ஒன்றில் கரடி வேடம் போட்டவன் துள்ளித் திரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டார். "நம்மட போட்டிக்கும் ஒரு மிருகம் வேணும்" என்றார். கூட்டத்துக்கு மேல் கூட்டம் போட்டோம். ஒருவர் திமிங்கிலம் என்றார். அது ஓடாது என்று இன்னொருவர் சண்டை பிடித்தார். கடைசியில், எங்கள் டவுனில் மாடுபோலத் திரியும் புள்ளிமான்களில் ஒன்று, கூட்டம் நடந்த மண்டபத்துக்குள்ளேயே நுழைந்து வடைத் தட்டில் வாய் வைத்தது. அத்துடன் மான் என்று முடிவானது. எங்கள் குழு மூளையைப் பாவித்து எடுத்த முடிவு எதுவும் எனக்கு நினைவில்லை.

மான் வேடத்துக்கு உடுப்புத் தைக்கிறேன் என்று கண்ணளவார் தானாகவே வந்தார். "மானை நான் தினமும் பாக்கிறனான். எனக்கு அளவு என்னத்துக்கு?"

போட்டிக்கு முதல் நாள் அதைக் கொண்டுவந்து ஹாஜியாரின் கடையில் விரித்தார். சோபாக் கதிரை உறை தைக்கிற தவிட்டு நிறத் துணி. அதன்மேல் சோற்றுக் கோப்பை அளவில் வெள்ளைப் புள்ளிகள். தலையில் தண்ணீர்க் குழாயைச் சூடாக்கி வளைத்த கொம்புகள். காதுகள் முயலுடையவை, முகம் யாருடையது என்று தெரியவில்லை.

ஹாஜியார் நெடுநேரம் பார்த்தார். "இதை மான் எண்டு என்னால சத்தியம் பண்ண ஏலாது, தம்பி" என்று என் காதுக்குள் சொன்னார்.

"மான் சரியாத்தான் இருக்கு. நீங்கள் பாக்கிற பக்கம்தான் பிழை" என்றார் கண்ணளவார்.

அடுத்த நாள் காலை, கடற்கரை மைதானத்தில் சனம் நிறைந்துவிட்டது. மானுக்குள் புக ஒழுங்கு செய்திருந்த இளைஞனின் தலை கழுத்துக்குள் நுழையவே இல்லை. "தலை பெருத்துப் போச்சு" என்று அவனைத் திட்டிவிட்டு, கண்ணளவாரே உள்ளே புகுந்தார். கண்ணுக்கென்று வெட்டிய ஓட்டைகள் அவருடைய நெற்றிக்கு நேரே வந்து நின்றன. மானின் வாய் வழியாகத்தான் வெளியே பார்க்கலாம். அதுவும் மேல்நோக்கிக் கிடந்ததால், முன்னால் பார்க்கத் தலையை நன்றாகக் குனியவேண்டும்.

மைக் என்னிடம் இருந்தது. "இதோ வருகிறது எங்கள் மான்!" என்று முழங்கினேன்.

"ஆடு!" என்றது ஒரு குரல். "கழுதையடா!" என்றது இன்னொன்று. சனம் சிரித்தது. நானும் மைக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

மரநிழலில் குப்பைத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த கலைமான் ஒன்று நிமிர்ந்தது. பக்கத்தில் அதன் பெண்மான்கள். எதிரே, கொம்பு முளைத்த ஒன்று தலையைக் குனிந்து மெல்ல மெல்ல வருகிறது. மான் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கலைமானும் தலையைக் குனிந்தது.

"அண்ணை, ஓடுங்கோ!" என்று மைக்கில் கத்தினேன். 'ஓடுங்கோ' என்றதும், கோட்டில் நின்ற வீரர்கள் எல்லாரும் ஓடிவிட்டார்கள். கண்ணளவார் மட்டும் நின்றார்.

கொம்பும் குழாயும் மோதிய சத்தம் கடல் வரை கேட்டிருக்கும். கண்ணளவார் ஒரு சுற்றுச் சுற்றி மணலில் விழுந்தார். கலைமான் அவருக்கு மேல் நின்று மூச்சு விட்டது. பிறகு முதுகிலிருந்து ஒரு வெள்ளைப் புள்ளியைக் கடித்துக் கிழித்து, மென்றுகொண்டே போய்விட்டது.

கை எலும்பில் வெடிப்பு. அன்று பின்னேரம் நானும் ஹாஜியாரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாகக் கிடப்பார் என்று பயந்தபடி போன எங்களை, கட்டுப் போட்ட கையோடு கட்டிலில் ஒரு மகாராசா வரவேற்றார்.

"இப்ப சொல்லுங்கோ. மானோ, ஆடோ?"

ஹாஜியார் கொண்டுபோன பழப் பையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஊர்ச் சனத்துக்கு ஒண்டும் விளங்கேல்ல. மானுக்கு விளங்கினது. அதுக்கு மேல எனக்கு ஆர் சொல்லவேணும்?"

"அது வரேக்க நீங்கள் ஏன் ஓடேல்ல, அண்ணை?" என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாம நீங்கள் வேற ஆரிட்டயோ இன்னொரு மான் தைப்பிச்சிருக்கிறியள் எண்டு நினைச்சனான். அதின்ர கால் நல்லா மெலிஞ்சு போச்சு, தையல் பிழை எண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அடுத்த முறை குழு திருந்தியது. கொழும்பில் கணினியில் வரைவித்த மான் வந்தது. கறுப்புக் கண்ணாடி, காலில் வெள்ளைச் சப்பாத்து, பற்பசை விளம்பரச் சிரிப்பு. பக்கத்து லிங்கநகரிலிருந்து போட்டி பார்க்க வந்த பிள்ளைகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. "முட்டு வாங்கின மான் எங்க?" என்று ஹாஜியாரைச் சுற்றி நின்று அழுதார்கள். பழைய மான் மறுபடியும் வந்தது. இப்போது பாலர் பாடசாலை விளையாட்டுப் போட்டி, கடை திறப்பு விழா எல்லாவற்றுக்கும் அதுதான். அதைத் தைத்தவருக்குத் தலைக்கனம் ஏறி, கொம்பு தேவையில்லாமலே உயரம் கூடிவிட்டது. வெட்டிய துணியில் ஒன்றையும் இன்றுவரை அவர் திருத்தித் தைத்ததில்லை.

இந்த வருடமும் அவரேதான் உள்ளே புகுந்தார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, சொன்னால் கேட்கமாட்டார். மரத்தடியில் மான்கள் நின்றன. நான் மைக்கை ஹாஜியாரிடம் கொடுத்துவிட்டு, ஒரு தடியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தேன்.

"ஆரது முன்னுக்கு? மறையாம விலகும், சனம் என்னைப் பாக்கவேணும்" என்று உள்ளேயிருந்து அதட்டினார்.

நான் விலகவில்லை.