மூன்று சில்லும் நான்கு தேசிக்காயும்

உலகத்தில் நான்கு சில்லு வைத்து வண்டி செய்தவர்கள் எல்லாரும் மூளை இல்லாதவர்கள் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் கட்டடத்தில்தான் இருந்தார். மொன்றியலில் கோட்-டெ-நெய்ஜ் பக்கம், மூன்றாம் மாடி, என் கதவுக்கு எதிர்க் கதவு. சொந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. சனம் வைத்த பெயர் மூண்டுசில்லர்.

மொன்றியலுக்கு வருமுன் ஜேர்மனியில் சில காலம் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்தாராம். கடை முதலாளியின் வளவில் ஒரு சின்ன லொறி நின்றதாம். ஜேர்மன்காரர் தங்கள் பெரிய யுத்தம் முடிந்த கையோடு சாமான் ஏற்றச் செய்தது. முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு இரண்டு. அகதியாய்ப் போன இடத்தில் சிலபேர் கிறிஸ்தவ வேதத்தில் சேருவார்கள். இவர் அந்த லொறியில் சேர்ந்துவிட்டார்.

யாரைக் கண்டாலும் விளக்கம்தான். ஒருமுறை, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி வீட்டில் எனக்கு எதிரே இருந்தவர், சாப்பாட்டுத் தட்டில் மூன்று வடையைப் பரப்பிவிட்டார்.

"இஞ்சை பாருங்கோ தங்கச்சி. இது முன்சில்லு. எஞ்சின் இதுக்கு மேலை குந்தியிருக்கு. அதிலையிருந்து ஒரு செயின், நேரை சில்லுக்கு. பின்னாலை ரெண்டும் சும்மா உருளுற சில்லு. எஞ்சினிலை இருந்து பின்னுக்கு ஒரு தண்டும் ஓடாது. அதாலை சாமான் தட்டை நல்லாப் பதிச்சு வைக்கலாம். கிழங்கு மூட்டையைத் தலைக்கு மேலை தூக்கத் தேவையில்லை, சரிச்சு விட்டாக் காணும்."

"அண்ணை, வடை ஆறுது," என்றார் வீட்டுக்காரர்.

"ஆறட்டும். அவங்களிட்டை அப்ப இரும்பும் இல்லை, எண்ணெயும் இல்லை. ஒரு சில்லைக் குறைச்சுப்போட்டு எழும்பி நிண்டவங்கள். எங்கடை யுத்தமும் முடிஞ்சுதுதானே, நாங்கள் என்னத்தைச் செய்தனாங்கள்?"

அந்த வீட்டில் அதுவரை அழாதவர்கள்கூட அப்போதுதான் மூக்கைத் துடைத்தார்கள். அவர் முன்சில்லைச் சாப்பிடத் தொடங்கினார்.

பிறகு கடவுள் கண் திறந்தார், அல்லது மூடினார். நகரத்தின் மேற்குப் பக்கம் பியர்பொன்ட்ஸில் ஒரு ஜேர்மன் கிழவியின் கொட்டிலில் அதே மாதிரி லொறி ஒன்று கிடந்தது. செத்துப்போன புருஷன் கப்பலில் கொண்டுவந்ததாம். கொண்டுபோய்த் தொலையுங்கள் என்றாளாம் கிழவி. அன்றைக்கு இவர் ஒவ்வொரு கதவாய்த் தட்டிக் கற்கண்டு கொடுத்தார். தன் மகள் பிறந்ததற்கே கற்கண்டு கொடுத்திருப்பாரோ தெரியாது.

லொறி வந்து பின்வளவில் நின்றது. ஆசனத்தில் அணில் குடும்பம் ஒன்று குடியிருந்தது. கட்டடம் பார்க்கும் கொன்சியேர்ஜ் காலையில் கேட்பான்: "சா மார்ஷ், மிஸியூ?" ஓடுதா என்று அர்த்தம். இவர் "டுமேன்" என்பார். நாளைக்கு என்று அர்த்தம். அந்த 'நாளைக்கு' நாலு வருடமாய் வரவில்லை.

ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் இருந்த ஒரே மகளுக்குத்தான் நெஞ்சுத் தண்ணி வற்றியது. தகப்பன் அடுப்பை நிற்பாட்ட மறக்கிறார், குளிரில் லொறிக்குக் கீழே விரல் விறைக்கும்வரை கிடக்கிறார். டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். ஞாபகம் சரியா என்று பார்க்க மணிக்கூடு ஒன்று கீறச் சொன்னார்களாம். இவர் லொறியைக் கீறினார், செயினின் பல்லு உட்பட.

"அப்பா, அவை மணிக்கூடெல்லே கேட்டவை!"

"மணிக்கூடு ஆரும் கீறுவினம் பிள்ளை."

மெற்றோ ரயிலில் வந்த வழி முழுக்க அழுதாளாம். வந்து எல்லார் முன்னாலும் சொன்னாள்: "வாற ஞாயிறு இந்தச் சாமான் றோட்டுக்கு ஏறினா நீங்கள் இஞ்சையே இருங்கோ. ஏறாட்டி இது பழைய இரும்புக்கு, நீங்கள் என்ரை வீட்டுக்குப் பக்கத்திலை இருக்கிற முதியோர் இல்லத்துக்கு."

"ஏறும்," என்றார்.

சனிக்கிழமை பனி கொட்டியது. வளவிலிருந்து றோட்டுக்கு ஒரு சின்ன ஏற்றம். கார்கள் போன தடம் இரண்டு பள்ளமாய்க் கிடந்தது, நடுவில் பனிமேடு. நாலு சில்லு வண்டி பள்ளத்தோடு போய்விடும். இவருடைய ஒற்றைச் சில்லு மேட்டில்தான் ஏறவேண்டும். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கே அது தெரிந்தது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக ஞாயிறு காலை தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, கொண்டுபோனேன். வாகனம் முதல் ஓடும்போது சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கிப் போவது எங்கள் வழக்கம். கைப்பழக்கத்தில் நாலு கொண்டுபோய்விட்டேன்.

ஒன்றைத் திருப்பித் தந்தார். "தங்கச்சி, நீங்களுமா?"

மற்ற மூன்றையும் நானே வைத்தேன். இழுக்கிற சில்லு என்று முன்னுக்குப் பெரிதாய்ப் பார்த்து வைத்தேன்.

எஞ்சின் பிடித்துவிட்டது! கொன்சியேர்ஜ் கை தட்டினான். மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். புகை மூன்றாம் மாடி வரை போனது. முன்சில்லு சுற்றியது. தேசிக்காய் கூழாகி, சாறு பனியில் ஊறி, சில்லு நின்ற இடத்தில் நின்று தயிர் கடைந்தது. பின்னால் இரண்டு தேசிக்காயும் ஒரு கீறல் இல்லாமல் குந்தியிருந்தன. யன்னல்களில் நின்ற சனம் சிரித்தது.

அவர் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "தங்கச்சி, முன்னுக்குப் பாரம் காணாது. ஒருக்கா ஏறிப் பக்கத்திலை இருங்கோ. பிடிச்சிடும்."

அத்தனை சனமும் திரும்பி என்னைப் பார்த்தது. புருஷன் செத்துப்போனபிறகு நான் பஸ்ஸில்கூட ஒரு ஆம்பிளைக்குப் பக்கத்தில் இருந்ததில்லை.

"ஐயோ, எனக்கேலாது அண்ணை," என்று பின்னால் போனேன்.

வேறு எத்தனையோ பேர் நின்றார்கள். அவர் ஒருவரையும் கேட்கவில்லை. எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினார்.

செவ்வாய்க்கிழமை பழைய இரும்புக்காரன் வந்து லொறியைக் கொண்டுபோனான். புதன்கிழமை மகள் வந்து அவரைக் கொண்டுபோனாள்.

இரண்டு மாதம் கழித்து மஞ்சள் கோட்டு மெற்றோ எடுத்து லொங்குய்க்குப் போனேன். முதியோர் இல்லத்து யன்னலடியில் இருந்தார். என்னைத் தெரிந்தது, சிரித்தார். ஆனால் லொறிக் கதையே வரவில்லை. எனக்கும் வேறு கதை தெரியாது. நூறு தரம் கேட்டதைத் திரும்பவும் கேட்டேன்:

"அண்ணை, எஞ்சினை ஏன் முன்சில்லுக்கு மேலை வைச்சவங்கள்?"

"மறந்துபோச்சு, தங்கச்சி."

இல்லத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பார்க்கட்டும் என்று கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு, அதிலே இருந்தேன். எனக்குத் தெரிந்த அளவில், செயினிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.