நாலு டிரைவர் பெட்டி

செத்தாலும் வளைகுடாவுக்குப் போவதில்லை என்று நான் முடிவெடுத்தது தொண்ணூற்று ஆறில். முடிவை அனீஸாவிடம் சொல்லவில்லை. முடிவெடுப்பதுதான் என் இலாகா, அறிவிப்பது இல்லை. எங்கள் வீட்டில் கேபினெட்டும் அவள்தான், ஸ்பீக்கரும் அவள்தான்.

கூத்தாநல்லூரில் எங்கள் தெருவில் அப்போது மிச்சமிருந்த ஒரே ஆம்பளை நான். மற்றவர்கள் எல்லாம் துபாய், குவைத், ஷார்ஜா. எந்த வீட்டில் கேஸ் தீர்ந்தாலும், பல்லி விழுந்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். மீதி நேரத்தில் குஞ்சிதபாதம் அண்ணனின் வெண்ணாறு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தேன். குழுவின் வேனை ஓட்டுவதும் நான்தான்.

பேஸ் கிடார் என்பது நாலு தடித்த கம்பி. வாசித்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், வாசிக்காவிட்டால் பாட்டு படுத்துவிடும். குடும்பத்தில் புருஷனும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டில் நான் வாசிக்காமலே பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மன்னார்குடியில் ஒரு கல்யாணக் கச்சேரி முடிந்ததும் அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அன்சாரு, ஒன் ஸ்பீக்கர் பொட்டியத் தூக்க நாலு பேரு வேணும். அத ஏத்துனா வேன்ல பாடகி நின்னுக்கிட்டு வருது."

"அதுக்கு என்னண்ணே பண்றது?"

"கீபோர்டு தம்பி இடது கையாலயே ஒன் வேலையப் பாத்துருவேங்குறான். நாகூர் கந்தூரித் திருவிழாக் கச்சேரிக்குள்ள ஒரே ஆளு தூக்குற மாதிரி பொட்டி கொண்டா. இல்லன்னா வேனை மட்டும் ஓட்டு."

குழுவில் இடம் போனால் ஊரில் இருக்க எனக்கு வேறு காரணம் கிடையாது. அனீஸாவின் அண்ணன் அப்சர் ஷார்ஜாவில் இருந்தார். அவளுக்கு அவர் நானா. மூன்று வருஷமாக ‘மாப்பிள்ளைய அனுப்பு’ என்பதைத் தவிர வேறு பேசாத மனிதர்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெட்டியை வரைந்தேன். ஸ்பீக்கரில் சத்தம் போடும் வட்டமான உறுப்புக்கு எங்கள் தொழிலில் டிரைவர் என்று பெயர். பழைய பெட்டியில் ராட்சத டிரைவர் ஒன்று. அதற்குப் பதில் பத்து அங்குலத்தில் இரண்டு, நடுச் சத்தத்துக்கு அஞ்சு அங்குலத்தில் ஒன்று, கீச்சுச் சத்தத்துக்குக் குட்டியாக ஒன்று. நாலு பேரும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால் பெட்டி இளைத்துவிடும். இதுதான் என் கண்டுபிடிப்பு.

"என்னங்க இது, கோழிக்கூடா?" என்றாள் அனீஸா.

"ஸ்பீக்கர் பொட்டி. போர்ட்டபிள். ஒரே ஆளு தூக்கிட்டுப் போயிறலாம்."

"எவ்ளோ வெயிட்டு?"

"முப்பது கிலோ வரும்."

"இருபதுக்கு மேல போகக் கூடாது."

"ஏன்?"

"உங்க இடுப்பு தாங்காது."

எட்டு வருஷத்தில் என் இடுப்பைப் பற்றி அவள் கவலைப்பட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதற்குப் பிறகு அவளிடமிருந்து யோசனைகள் கொட்டின. அடியில் சக்கரம் வைக்கணும். முன்பலகைக்குக் கீல் போட்டுப் பூட்டு வைக்கணும், டிரைவர் திருட்டுப் போகாது. மூலைக்கு மூலை தகடு அடிக்கணும், தூக்கிப் போட்டாலும் உடையாது. பொறியாளரைக் கட்டிக்கொண்டு இத்தனை நாள் தெரியாமல் இருந்திருக்கிறேனே என்று நொந்துகொண்டேன்.

"நல்ல டிரைவர் இங்க கெடைக்காது அனீஸா."

"நானாகிட்ட கேக்கவா?"

எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் அவள். வெளியே ஓடுகிற மீட்டரைப் பார்த்தபடி நான்.

"நானா, டிரைவர்தான். ஆமா, அவரே வாயத் தொறந்து கேக்குறாரு. வேற எதுவும் வேணாமாம். நல்ல எடமாப் பாருங்க."

வெளியே வந்ததும் கேட்டேன். "அது என்ன நல்ல எடம்?"

"நல்ல கடைங்க."

"நாலுன்னு சொன்னியா?"

"மொதல்ல ஒண்ணு வரட்டும். பாஸ்போர்ட் காப்பியும் லைசென்ஸ் காப்பியும் அனுப்பச் சொன்னாரு."

"டிரைவருக்கு எதுக்கு லைசென்ஸு?"

"வெளிநாட்டுச் சாமானுங்க. கஸ்டம்ஸ்ல கேப்பாங்க."

எங்கள் ஊரில் ரேஷன் கார்டு இல்லாதவன் இருப்பான், பாஸ்போர்ட் இல்லாதவன் இருக்க மாட்டான். இரண்டையும் கொடுத்தேன். போட்டோ கேட்டாள். சிரித்தபடி எடுத்துக் கொடுத்தேன்.

ரெத்தினம் ஆசாரி லேசான பிளைவுட்டில் பெட்டியைப் பத்து நாளில் முடித்தார். முன்பலகையில் ஓட்டை போட ரம்பத்தை எடுத்தபோது அனீஸா குறுக்கே வந்தாள்.

"வேணாம் ஆசாரி. டிரைவர் வந்ததும் அளவெடுத்து வெட்டிக்கலாம். ஓட்டை பெருசாப் போச்சுன்னா அடைக்க முடியுமா?"

"தங்கச்சி சொல்றதுதான் சரி," என்றார் ஆசாரி. என் வீட்டு வாசற்படி மிதித்த யாரும் வேறு மாதிரி சொன்னதில்லை.

அரிசி மண்டித் தராசில் வைத்துப் பார்த்தோம். எட்டரைக் கிலோ.

"அப்ப பதினொன்னரை மிச்சம்," என்றாள்.

"டிரைவருக்கு அது போதும்."

"தாராளமாப் போதுங்க."

கந்தூரிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது, ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்த அடுத்த தெருக்காரர் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனார். மெல்லிய கவர்.

"இதுக்குள்ள எப்படி டிரைவர் வரும்?" என்றேன்.

"பிரிச்சுப் பாருங்க."

அரபியில் ஏதோ எழுதியிருந்தது. பக்கத்தில் என் போட்டோ, சிரித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஆங்கிலத்தில், தொழில்: டிரைவர்.

நாலு டிரைவர் கேட்டேன். ஒரு டிரைவர் விசா வந்திருக்கிறது.

குஞ்சிதபாதம் அண்ணனிடம் ஓடினேன். வேனில் ஸ்டியரிங்குக்குப் பின்னால் புதிதாக ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா இன்னும் கெளம்பலயா? தங்கச்சி போன மாசமே வந்து சொல்லிருச்சே. நல்லா இருப்பா," என்றார் அண்ணன். கீபோர்டு தம்பி இடது கையால் எனக்கு டாட்டா காட்டினான்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஆம்பளை அழக் கூடாது என்பார்கள். தெருவில் பார்க்க வேறு ஆம்பளை இல்லாததால் தைரியமாக அழுதேன்.

"ஏன் அனீஸா இப்படிப் பண்ணுன?"

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு பேஸ் சத்தம் கேக்குது. எனக்கு ஓட்டுலேருந்து ஒழுகுற சத்தம்தாங்க கேக்குது. மழை பேஞ்சா நம்ம புள்ள ஷமாவத் தூக்கிக்கிட்டு மூலை மூலையா மாறுறேன். எத்தனை வருசம் மாறுறது?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து ஒரு சொட்டு என் மண்டையில் விழுந்தது. வீடும் அவள் கட்சி.

புறப்படும் அன்று பெட்டி கூடத்தில் நின்றது. சக்கரம், கீல், பூட்டு, தகடு, ஓட்டையில்லாத முன்பலகை. அதில் பெயின்டில் என் பெயரும் ஷார்ஜாவும். உள்ளே ஆறு லுங்கி, மாசிக் கருவாட்டுத் தூள், மாங்காய் ஊறுகாய். ஒரே ஆள் தூக்கிட்டுப் போகிற பெட்டி என்று வரைந்தவன் நான்தான். அந்த ஒரே ஆள் யார் என்று தாளில் எழுதாமல் விட்டதுதான் தப்பு.

பெட்டியைச் சுற்றி ஏதோ கட்டியிருந்தது. குனிந்து பார்த்தேன். என் கிடாரின் நாலு கம்பிகள், இரண்டிரண்டாக முடிந்து.

"கயிறுன்னா அறுந்துருதுங்க," என்றாள் அடுப்படியிலிருந்து. "பம்பாயில நானா பொட்டி அறுந்து மொளகாத்தூளாப் பறந்துச்சு."

மனசு கேட்கவில்லை. கட்டை விரலால் ஒரு கம்பியைச் சுண்டினேன்.

தொம்ம்.

பத்து வருஷத்தில் அப்படி ஒரு சத்தம் நான் எழுப்பியதில்லை. நெஞ்சுக்கூட்டில் இறங்கியது. உள்ளே அடைத்த லுங்கிகள் எதிரொலியைக் குடித்துவிட, சுத்தமான, உருண்டையான கட்டைச் சத்தம். என் கணக்கு சரி. பெட்டி சரி. டிரைவர் இல்லாமலே பாடுகிறது. இதை மட்டும் அண்ணன் ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். அவசரமாக முடிச்சில் கை வைத்து, இரண்டாவது கம்பியை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருதி சேர்க்கப் பார்த்தேன்.

"அதத் தொடாதீங்க," என்றாள் அனீஸா. "பிளேனுக்குச் சரியா இருபது கிலோவுல நிக்குது."